கடன் வாங்கிய கிளி

இலக்கியத்தில் போலீஸ் உத்தியோகம் பார்க்கிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, ஆனாலும் மிகுந்த உற்சாகத்தோடு வேலை செய்கிறார்கள். இந்தக் கதை எங்கிருந்து வந்தது, அந்தப் பாத்திரம் யார் வீட்டுச் சொத்து, இந்தத் தீவில் முதலில் கால் வைத்தவன் எவன் என்று துருவித் துருவிப் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு மூலம் அகப்பட்டுவிட்டால் அவர்களுக்கு வருகிற சந்தோஷம், கதையை எழுதி முடித்த ஆசிரியனுக்குக்கூட வந்திராது. சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் இவர்களுக்கு நல்ல வேட்டைக்காடு. ஏனென்றால் அங்கே சாமான்கள் குறைவு. ஒரு தீவு, ஒரு வரைபடம், ஒரு பெட்டி, ஒரு கிளி, ஒரு எலும்புக்கூடு. இதை மட்டும் வைத்துக்கொண்டு 300 வருஷமாக அத்தனை பேரும் குடித்தனம் நடத்தினால், ஒருவர் வீட்டுப் பாத்திரம் இன்னொருவர் அடுக்களையில் இருக்கத்தான் செய்யும்.

இவர்களுக்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு. "எல்லாரும் எடுத்தவர்கள்தானே ஐயா! ஸ்டீவன்ஸன் எடுக்கவில்லையா? கிப்ளிங் எடுக்கவில்லையா? சுயமான சரக்கு என்று உலகத்தில் எதுதான் இருக்கிறது?" என்று கேட்கிற கட்சி. இதில் பெரும்பாலும் எழுத்தாளர்கள் இல்லை; புத்தகம் தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் கட்சியினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இரண்டாவது கட்சியினால் குழந்தைகளுக்கு நஷ்டம். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு தப்பு இருக்கிறது: எடுத்தது எது என்று கண்டுபிடித்துவிட்டால் விஷயம் தீர்ந்து போயிற்று என்று இரண்டும் நினைக்கின்றன. எடுத்ததை வைத்து அந்த ஆள் என்ன செய்தான் என்று இரண்டும் பார்ப்பதில்லை.

ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் எழுதிய 'புதையல் தீவு' என்ற நாவலையே எடுத்துக்கொள்வோம். போலீஸ்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான கேஸ் கிடையாது. ஏனென்றால் குற்றவாளி தானாகவே வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். 1894-ல், தாம் இறந்துபோன அதே வருஷத்தில், தம் முதல் நாவல் உருவான விதத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். கிளி டானியல் டீபோவின் ராபின்ஸன் குரூஸோவிடமிருந்து வந்தது என்கிறார். எலும்புக்கூடு எட்கார் ஆலன் போவிடமிருந்து. மரக்கோட்டை காப்டன் மாரியட்டின் 'மாஸ்டர்மன் ரெடி'யிலிருந்து. இவை அவரை உறுத்தவில்லை. ஆனால் வாஷிங்டன் இர்விங்குக்குப் பட்ட கடன்தான் அவரை உறுத்தியது. இர்விங் 1824-ல் வெளியிட்ட 'ஒரு யாத்ரிகனின் கதைகள்' என்ற புத்தகத்தைப் பல வருஷம் கழித்துத் திரும்பப் புரட்டியபோது, தம் நாவலின் முதல் அத்தியாயங்கள் அங்கே உட்கார்ந்திருந்தன: சத்திரத்துக்கு வந்து சேர்கிற முரட்டு மாலுமி, அவனுடைய பெட்டி, அவனுக்குப் பயந்து நடுங்குகிற கூட்டம், எல்லாம். எழுதுகிறபோது அது தம் மனத்தில் தோன்றியதாகவே அவர் நினைத்திருந்தார்.

அதோடும் முடியவில்லை. கதைக்கு விதை போட்டது 1881-ல் ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில், மழைக்கு வெளியே போக முடியாத நாட்களில், வர்ணம் தீட்டிய ஒரு தீவின் படம். அதைத் தாம் வரைந்ததாக ஸ்டீவன்ஸன் எழுதியிருக்கிறார். அவருடைய மனைவியின் முதல் விவாகத்துப் பிள்ளை, அப்போது 13 வயதுப் பையன் லாய்ட் ஆஸ்பர்ன். பிற்காலத்தில் அவர், படத்தை வரைந்தது நான், பெயர்கள் வைத்தது அவர் என்று எழுதினார். செத்துப்போன மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்ற பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர் ஸ்டீவன்ஸனின் தகப்பனார். கலங்கரை விளக்கம் கட்டுகிற எஞ்சினீயர். அந்தக் கொள்ளைக்காரர்களின் பாட்டில் வருகிற பிரசித்தமான பெயர், சார்லஸ் கிங்ஸ்லி 1871-ல் எழுதிய மேற்கிந்தியத் தீவுப் பயணப் புத்தகத்தில் கண்ட ஒரு தீவின் பெயர். இஸ்ரேல் ஹாண்ட்ஸ் என்ற கொலைகாரன் பெயர் நிஜக் கொள்ளைக்காரன் ஒருவனுடையது. 1724-ல் வெளிவந்த கடற்கொள்ளைக்காரர் சரித்திரத்தில் இருக்கிறது. தீவின் மரஞ்செடிகளில் பாதி, ஆசிரியர் சிறிது காலம் வசித்த கலிபோர்னியாவிலிருந்து வந்தவை.

இத்தனையும் போக ஸ்டீவன்ஸனுக்கு என்ன பாக்கி? கோட்டு, சட்டை, தலைப்பாகை எல்லாம் இரவல் என்றால் உள்ளே ஆள் இருக்கிறானா என்றுதானே கேட்கத் தோன்றும்? கேட்க வேண்டியதுதான். ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

கிளியைப் பாருங்கள். குரூஸோவின் கிளி தன் எஜமானனின் பெயரைச் சொல்லி இரக்கப்படுகிறது. தனிமையில் தவிக்கிற மனிதன் தானே கற்றுக்கொடுத்த அனுதாபத்தைத் திரும்பக் கேட்டு ஆறுதல் அடைகிறான். ஸ்டீவன்ஸனின் கிளி யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. அது ஸ்பானிய வெள்ளிக் காசின் பெயரை ஓயாமல் கூவுகிறது. அதற்கு 200 வயது இருக்கலாம் என்கிறான் எஜமானன். எத்தனையோ எஜமானர்கள் செத்தார்கள். காசின் பெயர் மட்டும் சாகவில்லை. புதையல் எடுத்து, ஊர் திரும்பி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் கதை சொல்கிற பையனுக்குக் கெட்ட கனவில் கேட்பது அந்தக் குரல்தான். நாவல் அந்தக் குரலோடுதான் முடிகிறது. டீபோவிடமிருந்து வந்தது ஒரு பறவை. அந்தப் பறவை டீபோ சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது.

எலும்புக்கூடும் அப்படித்தான். போவின் 'தங்க வண்டு' என்ற கதையில் மண்டையோடு ஒரு கணக்கின் விடை; மூளைக்காரன் ஒருவன் சங்கேத எழுத்தை அவிழ்த்து, மரத்தில் அறைந்த மண்டையோட்டின் கண் வழியாக வண்டை இறக்கி, இடத்தைக் குறித்துத் தோண்டுகிறான். பெட்டி நிறையப் பொன் இருக்கிறது. ஸ்டீவன்ஸனின் எலும்புக்கூடு ஒரு மனிதன். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. மஞ்சள் தலைமயிர் இருந்தது. காப்டன் பிளின்ட் தன்னோடு வந்த ஆறு பேரையும் கொன்று, அதில் ஒருவனைத் திசைகாட்டி முள்ளாக நீட்டிக் கிடத்திவிட்டுப் போயிருக்கிறான். நாவலில் பிளின்ட் ஒரு தடவைகூட வருவதில்லை. கதை ஆரம்பிக்கும் முன்பே செத்துப்போனவன். ஆனால் அந்த ஒரு பிணத்தைக் கிடத்திய விதத்தில் அவன் எப்படிச் சிரித்திருப்பான் என்று நமக்குத் தெரிந்துபோகிறது. கூட வந்த முரடர்களுக்கும் தெரிந்துபோகிறது, பேச்சு அடங்கிவிடுகிறது. பிறகு குழியருகே போனால் குழி காலி.

ஸ்டீவன்ஸன் தம் வாக்குமூலத்தில் சேர்க்காத ஒரு கடனையும் நான் சேர்த்துச் சொல்கிறேன். தீவில் மூன்று வருஷம் தனியாக விடப்பட்ட பென் கன் என்பவன் குரூஸோதான், சந்தேகமே வேண்டாம். கந்தல் உடை, தனிமை எல்லாம் இருக்கிறது. ஆனால் குரூஸோ தனிமையில் பைபிள் படித்து, நாட்குறிப்பு எழுதி, வரவு செலவுக் கணக்குப் போட்டுத் தேறிவிட்டவன். பென் கன் பாதிப் பைத்தியம். மூன்று வருஷமாக அவன் கனவு கண்டது நெருப்பில் வாட்டிய பாலாடைக்கட்டியைப் பற்றி. முதல் மனிதனைக் கண்டதும் கேட்பதும் அதைத்தான். தனிமை ஒருவனை மகானாக்கும் என்று டீபோ சொன்னதை ஸ்டீவன்ஸன் நம்பவில்லை. நம்பவில்லை என்பதைக் கட்டுரை எழுதிச் சொல்லாமல் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியால் சொல்லிவிட்டார்.

இதுதான் என் கட்சி. கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் கடன் வாங்கியவன் கொடுத்தவனோடு சண்டை போட்டாக வேண்டும். வாங்கிய பொருளைக் கொடுத்தவன் உபயோகித்த மாதிரியே உபயோகிக்கிறவன் எழுத்தாளன் அல்ல, அடகுக் கடைக்காரன்.

சண்டை போட்டு முடித்த பிறகு எழுத்தாளனிடம் சொந்தமாகவும் ஏதாவது இருக்க வேண்டும். இருக்கிறது. லாங் ஜான் சில்வர் என்ற ஒற்றைக்கால் சமையற்காரன் இருக்கிறான். அவனுக்கும் மூலம் உண்டு. ஆனால் அந்த மூலம் புத்தகம் அல்ல, மனிதன். வில்லியம் ஏர்னஸ்ட் ஹென்லி என்ற கவி, எலும்புக் காசத்தால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். 1875-ல் எடின்பரோ ஆஸ்பத்திரியில் ஸ்டீவன்ஸன் அவரைச் சந்தித்தார். ஒரு காலை இழந்தும் சபையை ஆட்டிப் படைக்கிற அந்த வலுவிலிருந்துதான் சில்வர் பிறந்தான் என்று பிற்பாடு அவருக்கே கடிதம் எழுதினார். நண்பனின் நல்ல குணங்களை உரித்தெடுத்துவிட்டு வலுவையும் தைரியத்தையும் சுமுகமான பேச்சையும் மட்டும் மீதி வைத்துப் பார்த்தேன் என்கிறார். நண்பர்கள் இதற்கு என்ன செய்ய முடியும்? (அந்த ஹென்லி வீட்டிலிருந்து இன்னொரு எழுத்தாளரும் எடுத்திருக்கிறார். ஹென்லியின் சிறு பெண் மழலையில் சொன்ன ஒரு சொல்லிலிருந்துதான் ஜே. எம். பாரி 'பீட்டர் பான்' நாடகத்து வெண்டிக்குப் பெயர் கண்டுபிடித்தார். குழந்தை ஐந்து வயதிலேயே இறந்துபோயிற்று.)

சில்வருக்கு முன்னால் சிறுவர் கதைகளில் கொள்ளைக்காரன் என்றால் பார்த்தவுடன் தெரியும். சில்வரைப் பார்த்தால் தெரியாது. சுத்தமானவன், சிரித்த முகம், வேலையில் கெட்டிக்காரன், பையனிடம் பிரியமாகப் பேசுகிறவன். அதைவிட வேடிக்கை, அவன் சேமிக்கிறவன். மற்றக் கொள்ளைக்காரர்கள் குடித்துத் தொலைத்தபோது அவன் பாங்கியில் போட்டு வைத்தான். பெண்டாட்டியின் பெயரில் நம்பிக்கை வைத்து ஊரில் ஒரு சத்திரமும் நடத்தினான். பாங்கிக் கணக்கு உள்ள கொள்ளைக்காரனை ஸ்டீவன்ஸன் யாரிடமிருந்து எடுத்தார்? துப்புத் துலக்குகிறவர்கள் சொல்லட்டும்.

ஆப்பிள் பீப்பாய்க்குள் பையன் ஒளிந்திருக்கிற அத்தியாயம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சதியை ஒட்டுக் கேட்கிறான் என்றுதான் ஞாபகம் இருக்கும். திரும்பப் படித்துப் பாருங்கள். பீப்பாய்க்குள் இருக்கிற ஜிம்முக்கு முதலில் கோபம் வருவது சதியைக் கேட்டல்ல. சில்வர் ஒரு வாலிப மாலுமியை மயக்குகிறான். நீ சின்னவன்தான், ஆனாலும் எவ்வளவு புத்திசாலி என்று புகழ்கிறான். அதே வார்த்தைகள். ஜிம்மிடம் எந்த வார்த்தைகளைச் சொல்லி அவன் மனத்தைக் கவர்ந்தானோ, அதே வார்த்தைகள். முடிந்தால் பீப்பாய்ப் பலகை வழியாகவே அவனைக் கொன்றிருப்பேன் என்று பையனுக்குத் தோன்றுகிறது. தனக்கென்று சொல்லப்பட்ட அன்பான சொல் எல்லோருக்கும் சொல்லப்படுகிற சொல் என்று ஒரு பையன் தெரிந்துகொள்கிற நிமிஷம் அது. கொலை, கப்பல் கைப்பற்றல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். பன்னிரண்டு வயசுப் பையன் இதைப் படிக்கும்போது தன் வாழ்க்கையில் வரப்போகிற ஒரு விஷயத்தைப் படிக்கிறான். தீவுக்கு அவன் ஒருநாளும் போகப் போவதில்லை. இந்த இடத்துக்குக் கட்டாயம் போவான்.

இன்னொரு இடம். மரக்கோட்டை மாரியட்டின் சொத்து என்று ஒத்துக்கொண்டாயிற்று. 'மாஸ்டர்மன் ரெடி'யில் அந்தக் கோட்டை ஒரு நல்ல குடும்பத்தைக் கெட்டவர்களிடமிருந்து பிரிக்கிற சுவர். ஸ்டீவன்ஸனில் அந்தக் கோட்டைக்கு வெள்ளைக் கொடியோடு சில்வர் சமாதானம் பேச வருகிறான். ஊன்றுகட்டையை வேலிக்கு மேலே வீசி எறிந்துவிட்டு, ஏறிக் குதித்து, மணல் மேட்டில் தடுமாறித் தடுமாறி வந்து உட்காருகிறான். பேச்சு முறிகிறது. எழுந்திருக்கக் கை கொடுங்கள் என்கிறான். காப்டன் ஸ்மாலட் மாட்டேன் என்கிறார். யாராவது கை கொடுங்கள் என்கிறான். ஒருவரும் அசையவில்லை. அவன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மணலில் தவழ்ந்து, வாசல் கட்டையைப் பிடித்து, தானாகவே தூக்கி நிறுத்திக்கொண்டு, அவர்கள் குடிக்கிற ஊற்றில் காறித் துப்பிவிட்டுப் போகிறான். அவன் கொலைகாரன், இவர்கள் யோக்கியர்கள். காப்டன் செய்ததில் தப்பில்லை. ஆனாலும் படிக்கிற பையனுக்கு எழுந்துபோய்க் கை கொடுக்க வேண்டும் போல் இருக்கிறது. இதை எந்தப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியும்?

போலீஸ்காரர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. மூலத்துக்கு மூலம் தேடிப் போனால் அவர்கள் கேஸ் எங்கே முடியும் என்பதையும் நினைப்பதில்லை. 'தங்க வண்டு' வெளிவந்த 1843-லேயே, அது ஒரு சிறுமி எழுதிய கதையிலிருந்து எடுத்தது என்று போவின்மேல் குற்றச்சாட்டு வந்தது. இர்விங்கின் பிரசித்தமான ரிப் வான் விங்கிளுக்கு மூலம் ஜெர்மானிய நாடோடிக் கதை. 1719-ல் வந்த குரூஸோவுக்குப் பின்னால், ஆளில்லாத் தீவில் நாலு வருஷத்துக்கு மேல் கிடந்து 1709-ல் மீட்கப்பட்ட அலெக்ஸாண்டர் ஸெல்கர்க் என்ற மாலுமி இருக்கிறான். அவனுக்கும் பின்னால், 12-ஆம் நூற்றாண்டில் இப்னு துஃபைல் அரபியில் எழுதிய தனித்தீவுக் கதை இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. இப்படியே போனால் கடைசியில் ஆதாமைத்தான் சிறையில் போட வேண்டும்.

1887-ல் லண்டனில் நிஜமாகவே ஒரு கேஸ் நடத்தினார்கள். கோர்ட்டில் அல்ல, பத்திரிகையில். 'புதையல் தீவு'க்கு ஈடாக ஒன்று எழுதிக் காட்டுகிறேன் என்று சகோதரனிடம் பந்தயம் கட்டி, 1885-ல் 'ஸாலமன் மன்னனின் சுரங்கங்கள்' எழுதிப் பெயர் வாங்கியவர் ரைடர் ஹாகார்ட். அவர் பிறகு எழுதிய 'ஷீ' என்ற நாவல் எங்கிருந்து வந்தது என்று 'பால் மால் கெஜட்' பத்திரிகை துப்புத் துலக்கத் தொடங்கியது. ஆண்ட்ரூ லாங் என்ற விமர்சகர் அதே வருஷத்தில் இலக்கியத் திருட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நண்பரின் பக்கம் நின்றார். அந்தச் சண்டையை இன்று யார் படிக்கிறார்கள்? ஹாகார்டை இன்றும் படிக்கிறார்கள்.

ஆனால் ஹாகார்டிடம் நான் பார்க்கிற குறை வேறு. வெள்ளைக்காரன் கிரகணத்தை முன்கூட்டித் தெரிந்துகொண்டு காட்டு ஜனங்களைப் பயமுறுத்துகிறான் என்ற தந்திரம் கொலம்பஸுடையது. 1504-ல் ஜமைக்காவில் அவர் சந்திர கிரகணத்தைக் காட்டிச் சோறு வாங்கினார். ஹாகார்ட் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். முதல் பதிப்பில் சூரிய கிரகணம் என்று போட்டு, அது வானத்துக் கணக்குக்குப் பொருந்தாமல் போகவே, பின்னால் சந்திர கிரகணமாக மாற்றினார். மாற்ற வேண்டியது கிரகணத்தையா? எதிரே நிற்கிறவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்ற நினைப்பை அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? 1889-ல் மார்க் ட்வெயின் அதே கிரகணத்தை எடுத்தார். ஆனால் சும்மா எடுக்கவில்லை. ஆர்தர் மன்னன் காலத்து ஜனங்களைக் கிரகணத்தால் ஏமாற்றிய அமெரிக்கன் கடைசியில் தன் விஞ்ஞானத்தாலேயே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று குவித்து, அந்தப் பிணங்களின் நடுவே தானே அகப்பட்டுக்கொள்கிறான். கடனும் இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. 1940-களில் பெல்ஜியத்துச் சித்திரக்கதை ஆசிரியர் எர்ஜே, டின்டின் கதையில் அதே கிரகணத்தைத் திரும்பவும் எடுத்தார். சூரியனையே தெய்வமாகக் கும்பிட்ட இன்காக்கள் சூரிய கிரகணத்தைக் கண்டு நடுங்கினார்களாம். படம் அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஞ்சாங்கத்தில் கிரகணம் பார்த்து முன்னாலேயே சமையலை முடித்துக்கொள்கிற வீட்டில் வளர்ந்த குழந்தை அதைப் படித்துவிட்டு என்ன நினைக்கும்?

சண்டைக்காரக் கடனாளிகளின் பரம்பரை ஒன்று உண்டு. ஸ்விட்ஸர்லாந்துப் பாதிரியார் வைஸ் எழுதிய 'ஸ்விஸ் குடும்ப ராபின்ஸன்' 1812-ல் வந்தது. எந்தக் கண்டத்து மிருகமானாலும் ஒரே தீவில் வந்து நிற்கும். காப்டன் மாரியட்டின் குழந்தைகள் அதற்கு அடுத்த பாகம் எழுதித் தரச் சொன்னார்கள். கடற்படையில் இருந்த மனிதர். கப்பல் விஷயத்திலும் இயற்கை விஷயத்திலும் இத்தனை தப்புள்ள புத்தகத்துக்கு அடுத்த பாகம் எழுத மாட்டேன் என்று தாமாகவே வேறு எழுதினார். அதுதான் 'மாஸ்டர்மன் ரெடி'. கோபத்தில் பிறந்த புத்தகம். ஆர். எம். பாலன்டைனின் 'பவழத் தீவு' 1857-ன் கடைசியில் வெளிவந்தது. அவர் தென்கடல் தீவுகளைப் பார்த்ததே இல்லை. இங்கிலாந்துக் கடையில் மட்டை உரித்து விற்கிற தேங்காய், மரத்திலும் அப்படியேதான் தொங்கும் என்று நினைத்து எழுதிவிட்டார். தென்னை மரத்தடியில் பிறந்த நமக்கு இதைவிட நல்ல ஹாஸ்யம் வேண்டாம். மனிதர் யோக்கியர், வெட்கப்பட்டு, அதற்கப்புறம் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் கலங்கரை விளக்கத்திலேயே போய்த் தங்கினார், தீயணைப்புக்காரர்களைப் பற்றி எழுத அவர்களோடு போனார்.

ஆனால் அவருடைய பெரிய தப்பு தேங்காய் அல்ல. ரால்ப், ஜாக், பீட்டர்கின் என்ற மூன்று பிரிட்டிஷ் பையன்கள் தனித்தீவில் ஒற்றுமையாக, உற்சாகமாக, ஒழுக்கமாக இருந்தார்கள் என்பதுதான். தீமை எல்லாம் வெளியிலிருந்து படகேறி வந்தது. கிட்டத்தட்ட 100 வருஷம் கழித்து, 1954-ல், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த வில்லியம் கோல்டிங் அதே தீவை எடுத்தார். ரால்ப், ஜாக் என்ற பெயர்களைக்கூட மாற்றவில்லை. கடைசியில் வருகிற கடற்படை அதிகாரி 'பவழத் தீவு' என்று புத்தகத்தின் பெயரையே சொல்கிறார். இதைவிடப் பட்டவர்த்தனமான கடன் இருக்க முடியுமா? 'லார்ட் ஆப் தி பிளைஸ்' நாவலில் தீமை படகேறி வருவதில்லை. பையன்களோடேயே வந்து இறங்குகிறது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தபோது, தீவு பாலன்டைனுடையது ஆயிற்றே என்று பரிசைப் பிடுங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

இனி இன்னொரு பக்கம். யாரிடமிருந்தும் திருடாமல், சட்டப்படி சுத்தமாக, முழுக்க முழுக்க இரவலாக எழுத முடியும். அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் என்பவர் 1905 வாக்கில் ஒரு கதைத் தொழிற்சாலையே நிறுவினார். கதையின் சுருக்கத்தை அவர் எழுதிக் கொடுப்பார். கூலிக்கு எழுதுகிறவர்கள் விரித்து எழுதுவார்கள். ஹார்டி சகோதரர்கள் 1927-ல் வந்தார்கள். நான்ஸி ட்ரூ 1930-ல் வந்தாள். அட்டையில் இருந்த ஆசிரியர் பெயர்களில் மனிதர்களே கிடையாது. முதல் நான்ஸி ட்ரூவை எழுதிய மில்ட்ரட் விர்ட்டுக்குக் கிடைத்தது 125 டாலர். புத்தகத்தின்மேல் பாத்தியதை இல்லை. அந்தப் பெண்மணி தன்னால் ஆனமட்டும் உயிர் கொடுத்து எழுதினார் என்றுதான் நினைக்கிறேன்; பழி அவர்மேல் அல்ல. 1959-லிருந்து பழைய புத்தகங்களையே வெட்டி ஒட்டித் திருத்தி மறுபடி விற்றார்கள். இந்தப் புத்தகங்கள்மேல் எந்தப் போலீஸ்காரனும் கேஸ் போட முடியாது. எல்லாம் சொந்தச் சொத்து. ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. அதில் மணலில் தவழ்ந்து போகிற மனிதன் ஒருவனைத் தேடிப் பாருங்கள்.

கிப்ளிங்கும் பரோஸும் இதற்கு நல்ல ஜோடி. ஹாகார்டின் 'நாடா' என்ற நாவலில் தற்செயலாகக் கண்ட ஒரு வாக்கியம்தான் தன்னை ஓநாய்க் கதைகளில் இறக்கியது என்று கிப்ளிங் ஹாகார்டுக்கே எழுதினார். தாம் பார்த்திராத ஸியோனிக் காட்டை ஸ்டெர்ன்டேல் என்பவரின் புத்தகத்தில் பார்த்து, அமெரிக்காவில் வெர்மான்ட் பனியில் உட்கார்ந்து எழுதினார். ஆனால் மோக்லி காட்டுக்கும் சொந்தமில்லாமல் ஊருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறானே, அந்தத் தவிப்பு இந்தியாவில் பிறந்து, சிறு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அந்நிய வீட்டில் வளர்ந்த கிப்ளிங்குடையது. 1912-ல் எட்கார் ரைஸ் பரோஸ் காட்டையும் குழந்தையையும் எடுத்தார்; தவிப்பை எடுக்கவில்லை. டார்ஸான் பிறவியிலேயே ஆங்கிலப் பிரபு. குரங்குகள் வளர்த்தாலும் ரத்தம் காப்பாற்றிவிடும். படிக்கிறவனுக்குச் சுகமாக இருக்கிறது. சுகம் கொடுக்கிறவன் யாரோடும் சண்டை போடுவதில்லை.

இதற்கெல்லாம் புத்தகம் தயாரிக்கிறவர்களிடம் ஒரு பதில் உண்டு. "குழந்தைகள்தானே படிக்கிறார்கள்! பத்து வயசுக் குழந்தைக்கு எல்லாக் கிளியும் புதுக் கிளிதான்" என்பார்கள். வாஸ்தவம். குரூஸோவை முன்னே படித்துவிட்டா ஒரு குழந்தை சில்வரிடம் வருகிறது? எது முதலில் கைக்கு வருகிறதோ அதுதான் அதற்கு மூலம். அதனால்தான் பயமாக இருக்கிறது. பெரியவனுக்கு மட்டமான பிரதி ஒன்றைக் கொடுத்தால் நல்ல மூலத்தோடு ஒப்பிட்டுத் தூக்கி எறிவான். குழந்தைக்கு ஒப்பிட ஒன்றுமில்லை. உலகத்தில் கெட்டவன் கெட்ட முகத்தோடுதான் வருவான், தனக்குச் சொன்ன நல்ல வார்த்தை தனக்கு மட்டும் சொன்னதுதான் என்று ஒரு புத்தகம் சொன்னால் அதை நம்பிவிடும். பேதம் தெரிந்தவனுக்குக் கலப்படம் விற்பது வியாபாரம். தெரியாதவனுக்கு விற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

'புதையல் தீவை'ப் பின்பற்றியவர்கள் அதிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். கொள்ளைக்காரன் படம் என்றால் கட்டைக்கால் போட்டு வரைவது வழக்கமாகிவிட்டது. சில்வர்தான் அதற்கு மூலபுருஷன் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நாவலில் சில்வருக்குக் கட்டைக்கால் கிடையாது. இடது கால் இடுப்போடு போனவன். கக்கத்தில் ஊன்றுகட்டையோடு பறவை மாதிரித் தத்தித் தத்திப் போகிறான். ஒருவர் தப்பாக வரைந்ததை இன்னொருவர் வரைந்திருக்கிறார்; புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. கொள்ளைக்காரன் பேச்சு என்று இன்று குழந்தைகள் விளையாட்டில் பேசுகிற அந்த இழுவைப் பேச்சும் ஸ்டீவன்ஸனுடையதல்ல. 1950-ல் டிஸ்னி எடுத்த படத்தில் சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன் தம் மேற்கு இங்கிலாந்து உச்சரிப்பைக் கொட்டிப் பேசியது. இரவலுக்கு இரவல்.

நூறு பக்கத்தில், பெரிய எழுத்தில், வர்ணப் படங்களோடு இந்த நாவலைச் சுருக்கித் தருகிறவருடைய கத்தரிக்கோல் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியை வெட்ட முடியாது. அது இல்லாமல் கதை நகராது. கிளி வேண்டும், படம் போட வசதி. எலும்புக்கூடு கட்டாயம் வேண்டும். மரக்கோட்டைச் சண்டையை விட்டால் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். இர்விங், டீபோ, போ, மாரியட் நாலு பேருடைய சொத்தும் பத்திரமாக இருக்கும். சமாதானம் பேச வந்தவன் மணலில் உட்கார்ந்து கை நீட்டுகிற இடத்தில் ஒரு சம்பவமும் நடப்பதில்லை. கதைக்கு அது அநாவசியம். அந்த ஒன்றரைப் பக்கம்தான் முதலில் போகும்.